மனக்கோட்டைக் கிண்ணமும் பவுசர் உதவியாளர் யுகேஷின் இடமாற்றமும்

அனுப்புநர்:
திருமதி துஷ்யந்தி மோகனராஜ்,
முகாமைத்துவ உதவியாளர், களஞ்சியப் பிரிவு,
மகாவலிக்கரைப் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கம்,
கட்டுகஸ்தோட்டை.

ஊடாக:
களஞ்சியப் பொறுப்பாளர்
(கீழே விவரிக்கப்படும் விளையாட்டில் இவர் பங்குபற்றுவதில்லை.)

பெறுநர்:
பொது முகாமையாளர் அவர்கள்,
மகாவலிக்கரைப் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கம்,
தலைமைக் காரியாலயம், கட்டுகஸ்தோட்டை.

பொருள்: போக்குவரத்துப் பிரிவின் பவுசர் உதவியாளர் திரு. யுகேஷ் அவர்களைத் தெல்தோட்டைக் குளிரூட்டும் நிலையத்துக்குத் தற்காலிகமாக இணைத்த கட்டளையை இரத்துச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இச்சங்கத்தின் களஞ்சியத்தில் பல வருடங்களாகக் கடமையாற்றி வருகிறேன். இதுவரை எவர் மீதும் முறைப்பாடு எழுதியதில்லை. திகதி தவறாக அச்சாகிவந்த யோகட் மூடிகள் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடப்பது பற்றி முன்னைய பொது முகாமையாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. அதை இப்போது கிளற நான் விரும்பவில்லை, ஆனாலும் அந்த மூடிகள் இம்மனுவில் ஓர் இடத்தில் வரும் என்பதால் குறிப்பிட்டு வைக்கிறேன்.

2. விடயம் இதுதான். நிலையங்களிலிருந்து பால் ஏற்றிவரும் தாங்கி வண்டியான பவுசரில் உதவியாளராக இருக்கும் யுகேஷ், தாம் செய்யாத குற்றத்துக்காகத் தெல்தோட்டையில் பால் கேன் கழுவிக்கொண்டிருக்கிறார். செய்யாத குற்றம் என்பதுகூடச் சரியல்ல. குற்றம் என்று ஒன்றே கிடையாது. அவர் அங்கு அனுப்பப்பட்டதற்குக் காரணம், அவர் எனது அணியில் இருந்தது. இதனை விளக்குவதற்கு எங்கள் விளையாட்டைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாங்கள் கொழும்பிலிருந்து வந்து பதவியேற்றது அண்மையில் என்பதால் இதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

3. வருடந்தோறும் மே மாதம் முதல் ஜூலை வரை சனிக்கிழமைகளில் எமது பிரிவுகளுக்கிடையே மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடைபெறுவது தாங்கள் அறிந்ததே. போக்குவரத்து, ஆய்வுகூடம், விற்பனை, குளிரூட்டும் நிலையங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அணிகள் உண்டு. கணக்குப் பிரிவும் களஞ்சியமும் ஆள் பற்றாக்குறையால் ஒன்றாக ஆடித் தோற்கும். இவ்வருடம் முதல் பந்தை வீசி ஆரம்பித்து வைத்தவர் தாங்களே. அது நோ போல். நடுவர் மரியாதை கருதிக் கையை நீட்டவில்லை.

4. அந்தச் சுற்றுப்போட்டிக்குள்ளே இன்னொரு போட்டி இருக்கிறது. அதன் பெயர் மனக்கோட்டைக் கிண்ணம். கிண்ணம் என்று ஒன்று கிடையாது. ஊழியர்களில் எட்டுப் பேர் ஆளுக்கொரு கற்பனை அணியின் முகாமையாளராக இருக்கிறோம். ஐந்து அணிகளிலும் ஆடும் வீரர்களிலிருந்து ஒவ்வொருவரும் ஐந்து பேரை முறைவைத்துத் தெரிவு செய்கிறோம். அந்த ஐவரும் மைதானத்தில் வெவ்வேறு அணிகளில் ஆடுவார்கள். ஒருவரையொருவர் எதிர்த்தும் ஆடுவார்கள். எங்கள் கணக்கில் மட்டும் அவர்கள் ஓர் அணி. ஓர் ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, ஒரு பிடிக்குப் பத்து, ஒரு விக்கெட்டுக்கு இருபது, ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழந்தால் பத்துக் குறையும். இறுதியில் எவருடைய ஐவர் அதிக புள்ளி சேர்க்கிறார்களோ அவரே வெற்றியாளர்.

5. எனது அணியின் பெயர் பாலத்தடி ராணிகள். ஐந்து பேரும் ஆண்கள். கிரிக்கெட் மட்டையை நான் ஒருமுறை கூடக் கையில் பிடித்ததில்லை. ஆயினும் வருடத்தில் மூன்று மாதம் எனக்கென்று ஓர் அணி இருக்கிறது. எவருக்கு இடதுகைப் பந்துவீச்சு ஆகாது, எவர் ஈரத் தரையில் வழுக்குவார், எவர் மாமியார் வீட்டுக்குப் போய்வந்த வாரத்தில் சோபிக்க மாட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் அதையே யோசிப்பேன். "அடுப்புல பருப்பு கருகுது, நீ யாரு விக்கெட் எடுப்பான்னு யோசிச்சிக்கிட்டு நில்லு" என்று என் கணவர் சொல்வதுண்டு. பருப்பு கருகியதும் உண்மை. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், இந்த விளையாட்டு எனக்கு உயிர் என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்ட பின்னரே மிகுதியை வாசிக்க வேண்டும் என்பதுதான்.

6. இதில் பணம் சம்பந்தப்படவில்லை. வெற்றி பெறுபவருக்குச் சிற்றுண்டிச்சாலையின் ஜன்னலோரக் கதிரை ஒரு வருடத்துக்கு உரியது. அதில் இருந்தால் மகாவலியும் பாலமும் தெரியும், காற்றும் வரும். மற்றக் கதிரைகளிலிருந்து தெரிவது குளிரறையின் பின்சுவர். அந்தக் கதிரையில் வேறு எவரும் இருக்க மாட்டார்கள்; தவறி இருந்த வெளியாட்களை நாங்கள் எழுப்பியும் இருக்கிறோம். கடந்த இரண்டு வருடங்களாக அதில் இருப்பவர் போக்குவரத்துப் பொறுப்பதிகாரி திரு. வீரசிங்கம் அவர்கள். அவர் அதற்கு ஒரு சிறு மெத்தையும் தைப்பித்துப் போட்டிருக்கிறார்.

7. விதிகள் எழுதி ஒட்டப்பட்டவை அல்ல. ஆனால் எல்லோரும் மதிப்பவை. அவற்றில் மூன்று இம்மனுவுக்கு அவசியம்:

(அ) ஒரு வீரர் மைதானத்துக்கு வராவிட்டால் அவருக்குப் புள்ளி இல்லை. அவருக்குப் பதிலாக இன்னொருவரைச் சேர்க்கவும் முடியாது.

(ஆ) ஒரு முகாமையாளர் தமது வீரரை எந்நேரமும் விடுவிக்கலாம். விடுவிக்கப்பட்டவரை அந்த வருடம் வேறு எவரும் எடுக்க முடியாது. விடுவித்தவர் நால்வருடன் ஒப்பேற்ற வேண்டியதுதான். இதனால் எவரும் விடுவிப்பதில்லை.

(இ) தாம் எவருடைய அணியில் இருக்கிறோம் என்பது வீரருக்குத் தெரியக் கூடாது. முன்பு ஒருமுறை விற்பனைப் பிரிவுப் பையன் ஒருவன், தன்னைத் தெரிவு செய்திருப்பவர் தன் மேலதிகாரி என்று கேள்விப்பட்டு, நேரே கைக்கு வந்த பந்தைக் கூட நடுங்கித் தவறவிட்டான். அன்றிலிருந்து இந்த விதி.

8. கடந்த ஏப்ரல் மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில், காரியாலயம் பூட்டியிருந்தபோது, சிற்றுண்டிச்சாலையில் தெரிவு நடைபெற்றது. யார் எத்தனையாவதாகத் தெரிவு செய்வது என்பதை மேற்சொன்ன யோகட் மூடிகளை வைத்துத் தீர்மானிப்போம். உட்புறத்தில் இலக்கம் எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொன்றாக எடுப்போம். திரு. வீரசிங்கத்துக்கு ஏழு வந்தது. எனக்கு எட்டு. எட்டு வந்தால் புதியவர்கள் முகம் வாடும். பழையவர்கள் வாட மாட்டார்கள். ஏனெனில் முதற்சுற்று ஒன்றிலிருந்து எட்டுக்குப் போகும், அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். கடைசி ஆள் ஒரே மூச்சில் இருவரை எடுக்கலாம்.

9. திரு. வீரசிங்கம் தமது முறையில் ஆய்வுகூடத்தின் துடுப்பாட்ட வீரர் ஒருவரை எடுத்தார். யுகேஷை அடுத்த சுற்றுக்கு விட்டு வைத்தார். இடையில் இருந்தது நான் ஒருத்திதான். களஞ்சியத்தில் இருக்கும் பொம்பிளை ஓட்டம் எடுப்பவர்களைத்தான் பார்ப்பாள், பந்து போடுபவனைக் கவனிக்க மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் யுகேஷ் என்று சொன்னேன். "பிள்ளை, அவன் என்ரை செக்‌ஷன் பெடியன் எல்லே?" என்றார் அவர். எவருடைய பிரிவு என்பது இங்கே பொருட்டல்ல என்பதை நான் பணிவுடன் நினைவூட்டினேன். அவர் அதற்குப் பிறகு தேநீரைத் தொடவில்லை.

10. முதலாவது ஆட்டம் போக்குவரத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும். யுகேஷ் நான்கு விக்கெட்டுகளை எடுத்தார், ஒரு பிடி பிடித்தார், ஏழு ஓட்டங்களும் பெற்றார். போக்குவரத்துப் பிரிவு பல வருடங்களின் பின்னர் முதல் ஆட்டத்தில் வென்றது. பையன்கள் தங்கள் பொறுப்பதிகாரியிடம் சந்தோஷமாக ஓடி வந்தார்கள். அவரோ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஸ்கோர் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யுகேஷ் வீழ்த்திய நால்வரில் ஒருவர், அவர் முதலில் தெரிவு செய்த அதே துடுப்பாட்ட வீரர். ஓட்டமெதுவும் பெறாமல். தமது பிரிவு வென்றதற்குத் துக்கப்பட்ட பொறுப்பதிகாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

11. இரண்டாவது சனிக்கிழமை யுகேஷ் மைதானத்துக்கு வரவில்லை. பவுசரின் தெல்தோட்டை ஓட்டத்தில் வழக்கமாகப் போகும் உதவியாளருக்குக் காய்ச்சல் என்றும், பதிலுக்கு யுகேஷ் அனுப்பப்பட்டார் என்றும் சொன்னார்கள். பால் காத்திருக்காது, ஏற்றுக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமையும் காய்ச்சல். காய்ச்சல்காரரை நான் அன்று மைதானத்தில் கண்டேன். எல்லைக் கோட்டருகே வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடமைப் பட்டியலைத் தயாரிப்பவர் திரு. வீரசிங்கம் என்பது தங்களுக்குத் தெரியும். போக்குவரத்துப் பிரிவு அந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது.

12. அதற்கு அடுத்த கிழமை கட்டளை வந்தது. "சேவையின் தேவை கருதி" மறு அறிவித்தல் வரை யுகேஷ் தெல்தோட்டைக் குளிரூட்டும் நிலையத்துக்கு இணைக்கப்படுகிறார் என்பது அதன் வாசகம். தற்காலிக இணைப்பில் இருப்பவர் எந்தப் பிரிவுக்கும் ஆட முடியாது என்பது சுற்றுப்போட்டியின் விதி. அக்கட்டளையில் தங்கள் ஒப்பம் இருக்கிறது. பதவியேற்ற புதிதில் ஒரு கட்டுக் கடிதம் மேசைக்கு வந்திருக்கும். போக்குவரத்துப் பொறுப்பதிகாரியின் சிபாரிசைத் தாங்கள் நம்பாமல் வேறு எவருடைய சிபாரிசை நம்புவது? இதில் தங்களை நான் குறை கூறவில்லை. ஆனால் தாங்கள் ஒப்பமிட்டதைத் தாங்கள்தான் மாற்ற முடியும் என்பதால் மனு தங்களிடம் வருகிறது.

13. சேவையின் தேவை என்ன என்று அறிய, தெல்தோட்டை நிலையப் பொறுப்பாளர் திருமதி சுந்தரி அவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். களஞ்சியத்திலிருந்து கேன் மூடிகள் அனுப்புவது தொடர்பாக நாங்கள் அடிக்கடி பேசுபவர்கள். "நாங்க ஆளே கேக்கலையே துஷ்யந்தி. இருக்கிற ரெண்டு பேருக்கே மத்தியானத்துக்கு மேல வேல இல்ல. தம்பி பாவம், கழுவுன கேனையே திரும்பக் கழுவிக்கிட்டிருக்காரு" என்று அவர் சொன்னார். தேவைப்பட்டால் இதைத் தங்களிடம் நேரிலும் சொல்ல அவர் ஆயத்தமாக இருக்கிறார்.

14. பின்னர் நான் திரு. வீரசிங்கம் அவர்களை நேரில் கண்டேன். அவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். நான் நின்றுகொண்டு பேசினேன். அவர் கோபப்படவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. "இதுவும் ஒரு தந்திரம்தானே பிள்ளை. யுகேஷை எனக்கு மாத்தி விடுங்கோ, நான் பதிலுக்கு ரெண்டு பேரைத் தாறன். மாத்தினா அவன் திங்கக்கிழமை இஞ்சை நிப்பான்" என்றார். முகாமையாளர்கள் சம்மதித்தால் வீரர்களை மாற்றிக்கொள்ள எங்கள் விளையாட்டில் இடமுண்டு; ஆனால் இருவருக்கு ஒருவர். மனக்கோட்டைக் கிண்ண வரலாற்றில் எவருக்கும் கிடைக்காத பேரம். அவர் இதைச் சொன்ன விதத்தில் கள்ளம் எதுவும் இல்லை என்பதையும் நான் எழுத வேண்டும். ஒரு நல்ல முகாமையாளர் செய்ய வேண்டியதைத் தாம் செய்ததாகவே அவர் நினைக்கிறார். விளையாட்டில் ஆளை மாற்றுவதும் வேலையில் ஆளை மாற்றுவதும் அவருக்கு ஒரே மேசையில் நடக்கும் ஒரே காரியமாகிவிட்டது. நான் மறுத்துவிட்டேன். அப்போது நான் மறுத்தது யுகேஷுக்காக அல்ல, விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

15. விற்பனைப் பிரிவைச் சேர்ந்த திரு. ஹபீல் எங்கள் கிண்ணத்தின் செயலாளர். அவரிடம் முறையிட்டேன். "கேம் தானே தங்கச்சி, என்னத்துக்கு இதப் பெருசாக்குறீங்க? அடுத்த வருஷம் பார்ப்பமே" என்றார். அவர் கெட்டவரல்ல. கேம் தானே என்று நானும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

16. கடந்த ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து பஸ் எடுத்து நான் தெல்தோட்டைக்குப் போனேன். உத்தியோகபூர்வமாக அல்ல, சொந்தச் செலவில். யுகேஷ் நிலையத்தின் பின்புறத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, நான் வாய் திறப்பதற்கு முன்னர், "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாக்கா? பால் ஏதும் கொறஞ்சிச்சா? சார்கிட்ட கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு" என்று கேட்டார். அத்தனை நாளும் அவர் கேன் கழுவியபடி தம்முடைய தவறு என்னவென்று தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். குழாயைச் சரியாகப் பூட்டாத ஒரு நாள், பிந்தி வந்த ஒரு நாள் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் என்னிடம் ஒப்புவித்தார். களஞ்சியத்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் விசாரணைக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

17. விதி (இ)யை நான் அங்கே மீறினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எனது அணியில் இருப்பதையும், அதனால்தான் இங்கே இருப்பதையும் சொன்னேன். அவருக்கு அது உடனே விளங்கவில்லை. "நான் டிரான்ஸ்போர்ட் டீமுக்குத்தானேக்கா வெளையாடுறேன்?" என்றார். ஆம் என்றேன். மேலும் விளக்கினேன். மூடி, முறை, புள்ளி எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க டீம்ல இருந்தா எனக்கு என்னக்கா கெடைக்கும்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். எனக்கு ஒரு கதிரை கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயா, எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

18. நான் புறப்படும்போது, முதல் ஆட்டத்தில் தமக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று கேட்டார். தொண்ணூற்றேழு என்றேன். எட்டு அணிகளிலும் அன்று அதற்குமேல் எவரும் எடுக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த முகம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

19. இனி, இதனால் அவருக்கு ஏற்படவுள்ள உண்மையான நட்டத்தைச் சொல்கிறேன். புள்ளிகளை விட்டுவிடுவோம். பவுசர் சாரதிகளில் இருவர் ஓய்வு பெறுவதால் உதவியாளர்களிலிருந்து இருவரைச் சாரதிகளாக நியமிக்கத் தாங்கள் விண்ணப்பம் கோரியிருக்கிறீர்கள். நேர்முகமும் ஓட்டப் பரீட்சையும் எதிர்வரும் ஜூலை 15ஆம் திகதி. விண்ணப்பிப்பவர் அதற்கு முன்னர் மூத்த சாரதி ஒருவருடன் பவுசரில் பயிற்சி ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. யுகேஷ் கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார். பாதிப் பயிற்சியும் முடித்திருந்தார். தெல்தோட்டையில் பவுசர் நிற்பதில்லை. காலையில் வரும், பாலை எடுக்கும், போய்விடும். அவர் அதன் குழாயைப் பூட்டிவிட்டு, அது மலையிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

20. அவர் ஏழு வருடங்களாக உதவியாளர். அவருடைய மனைவி கிருஷாந்தி கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் தனியாக இருக்கிறார். சாரதி நியமனம் வந்தால் நல்ல வீடு பார்க்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். இம்முறை தவறினால் அடுத்த வெற்றிடம் எப்போது வரும் என்று விசாரித்தேன். மிகுதிச் சாரதிகள் எல்லோரும் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள். அவர்கள் நீடூழி வாழ வேண்டும். ஆனால் அது யுகேஷுக்கு நல்ல செய்தி அல்ல.

21. திரு. வீரசிங்கம் அவர்களுக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எதையும் நான் கோரவில்லை. கம்பளைப் பாதையை மண்சரிவு மூடியபோது, சாரதிகள் தயங்கி நிற்க, தாமே பவுசரில் ஏறிச் சுற்றுப்பாதையால் பாலைக் கெடாமல் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். யுகேஷுக்கு முதன்முதலில் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பழக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர், சாரதிப் பரீட்சை நெருங்கும் நேரத்தில், அந்தப் பரீட்சை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகும் அளவுக்கு ஒரு கதிரை அவரைப் பிடித்துக்கொண்டது. என்னையும் அது பிடித்திருந்தது. நான் இரண்டு வாரம் கோபப்பட்டது யுகேஷின் புள்ளிகளுக்காக மாத்திரமே. அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

22. அணியிலிருந்து அவரைப் பேசாமல் விடுவித்துவிட்டால் போதாதா, மனு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போதாது. தங்கள் ஒப்பத்துடன் உள்ள கட்டளை தங்கள் ஒப்பத்தினால்தான் நீங்கும். அத்துடன், நான் விடுவித்தவுடன் அவர் திரும்பி வந்தால், ஓர் ஊழியரை வீட்டுக்குக் கொண்டுவர எங்கள் விளையாட்டில் ஒருவர் தோற்றாக வேண்டும் என்று ஆகிவிடும். அடுத்த வருடம் இன்னொருவர் இன்னொரு பையனை வேறொரு மலைக்கு அனுப்புவார். எனவே விடுவிப்பது, மனு எழுதுவது இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது.

23. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

(அ) யுகேஷின் தற்காலிக இணைப்பை இரத்துச் செய்து, அவரை உடனடியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு அழைப்பிக்க வேண்டும்.

(ஆ) அவருக்கு மிகுதிப் பயிற்சி ஓட்டங்களை வழங்க வேண்டும். காலம் போதாது எனில், அவருக்கு மட்டுமாவது பரீட்சையைப் பின்போட வேண்டும். தெல்தோட்டையில் கழிந்த நாட்கள் அவருக்குப் பாதகமாகக் கணக்கில் சேரக் கூடாது.

(இ) சுற்றுப்போட்டி முடியும்வரை, மனக்கோட்டைக் கிண்ணத்தில் அணி வைத்திருக்கும் எவரும் கடமைப் பட்டியல் தயாரிக்கக் கூடாது. இதில் நானும் அடக்கம். களஞ்சியத்தின் சனிக்கிழமை முறையைத் தயாரிப்பவள் நான்.

(ஈ) எந்தக் குற்றத்துக்காகவும் தாம் அனுப்பப்படவில்லை என்பதைத் தாங்களே யுகேஷிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னேன். என்னைப் போன்ற ஒருத்தி சொல்லி அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கிண்ணத்தைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் நான் பொய்யே எழுதியதாகும். கதிரையைப் பற்றித் தாங்கள் என்ன முடிவு எடுத்தாலும் நான் கட்டுப்படுவேன்.

24. இறுதியாக ஒன்றை அறியத்தருகிறேன். இம்மனுவை எழுதத் தொடங்குவதற்கு முன்னர், செயலாளர் திரு. ஹபீல் அவர்களிடம் சென்று, யுகேஷை எனது அணியிலிருந்து விடுவித்துவிட்டேன். விதி (ஆ)வின்படி இவ்வருடம் வேறு எவரும் அவரை எடுக்க முடியாது. பாலத்தடி ராணிகள் இனி நால்வர். ஆகவே யுகேஷைத் தெல்தோட்டையில் வைத்திருப்பதால் எனக்கு ஒரு புள்ளியும் குறையப் போவதில்லை. அவர் இப்போது எவருடைய ஆளும் அல்ல. சங்கத்தின் ஊழியர் மாத்திரமே. அவரைப் பற்றித் தாங்கள் எடுக்கும் முடிவை அப்படியே எடுக்கலாம்.

25. எதிர்வரும் 28ஆம் திகதி சனிக்கிழமை போக்குவரத்துக்கும் விற்பனைப் பிரிவுக்கும் ஆட்டம். தாங்கள் மனது வைத்தால் யுகேஷ் அன்று பந்து வீசுவார். அவருக்கு எதிரே முதலில் துடுப்பெடுத்தாடப் போகிறவர் விற்பனைப் பிரிவின் சேந்தன். எனது அணியில் மிஞ்சியிருப்பவர்களில் கெட்டிக்காரர் அவர்தான். அவரை நம்பித்தான் இனி நான் இருக்கிறேன். யுகேஷின் பந்துக்கு அவர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பந்திலேயே விக்கெட் போனால் எனக்குப் பத்துப் புள்ளி குறையும். போகட்டும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கி ஒப்பமிடுபவர்,

துஷ்யந்தி மோகனராஜ்
முகாமைத்துவ உதவியாளர், களஞ்சியப் பிரிவு

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 20.06.2025

பிரதி: திரு. வீரசிங்கம், போக்குவரத்துப் பொறுப்பதிகாரி. (அவருக்குத் தெரியாமல் எழுதியதாக இருக்கக் கூடாது என்பதற்காக. இதனை நானே அவர் கையில் கொடுப்பேன்.)